‘வள்ளி தேவி’யை வள்ளியம்மாள் ஆக்கிய கதை

ஸ்பர்ஷ் என்ற ராணுவ ஓய்வூதிய இணையதளம் வந்த பிறகுதான் முன்னாள் படைவீரர்களான எங்களில் பலருக்கு ரெக்கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதே தெரிந்தது. வங்கி மூலம் பென்ஷன் வந்த காலத்தில் மாதக் கடைசியில் பணம் ஏறிவிடும், பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணை பீரோவுக்குள் தூங்கும். ஸ்பர்ஷுக்கு மாற்றியபோது எல்லா விவரத்தையும் பார்த்து ஒப்புதல் கொடுக்கச் சொன்னார்கள். பார்த்தேன். என் மனைவி பெயர் ‘வள்ளி தேவி’, பிறந்த தேதி 01.01.1963 என்று இருந்தது. அவள் பெயர் வள்ளியம்மாள். பிறந்தது 1968 மே மாதம்.

இந்த ‘தேவி’ எப்படி வந்தாள் என்று பட்டாளத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடக்கத்திக் கிளர்க்குக்குப் பெண் பெயர் என்றால் பின்னால் ஒரு தேவி வேண்டும், இல்லாவிட்டால் பெயர் முடிந்த மாதிரியே இருக்காது. ஜனவரி 1 கதையும் அதேதான். சான்று கையில் இல்லையென்றால் வருஷத்தைக் குத்துமதிப்பாகப் போட்டு, தேதிக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று.

நான் 1980-ல் சேர்ந்து, 24 வருஷம் முடித்து, ஹவில்தாராக 2004-ல் வெளியே வந்தவன். பெயர்த் தவறு தெரிந்ததும் கூட இருந்த ஆட்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ‘ஆதாரில் வள்ளி தேவி என்று மாற்றிவிடு, வேலை முடிந்தது’ என்றார் ஒருவர். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பாஸ்புக், பான் எல்லாவற்றிலும் வள்ளியம்மாளாக இருப்பவளை ஒரு கிளர்க்கின் கைப்பிழைக்காக வேறு ஆளாக்க வேண்டுமா? அதோடு ஆதாரில் பிறந்த தேதியை ஒரு தடவைதான் மாற்ற விடுவார்கள். அதைப் பொய்யான தேதிக்குச் செலவு செய்ய எனக்கு மனமில்லை.

இன்னொருவர், என் பேட்ச்காரர், வேறு கணக்குப் போட்டார். குடும்ப ஓய்வூதியத்தில் 80 வயது நிறைந்தால் 20 சதவீதம் கூடும், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறைத் தொட்டால் இன்னொரு மடங்கு. ‘ரெக்கார்டுப்படி தங்கச்சிக்கு அஞ்சு வருஷம் முன்னாலேயே எண்பது வந்துடும், எதுக்குப் போய்த் திருத்துற?’ என்றார். கணக்கு சரிதான். ஆனால் நான் போன பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்டு அவள் போகும்போது, பி.பி.ஓ.வில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் இருந்தால் எண்பது வரைக்கும் போக வேண்டாம், முதல் மாதப் பென்ஷனே நின்றுவிடும். நான் உயிரோடு இருக்கும்போது என் கையெழுத்துப் போட்ட ஒரு மனு போதும். அதற்கப்புறம் ‘இவரும் அவரும் ஒருவரே’ என்று நிரூபிக்கும் அலைச்சல் முழுக்க அவள் தலையில்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் ஒரு நல்ல விஷயம் சொன்னார்: ‘சார், ஸ்பர்ஷில் மட்டும் தப்பா, பி.பி.ஓ.விலும் தப்பா, அதுக்கும் முன்னாடியேவா, முதல்ல அதைப் பாருங்க.’ ஸ்பர்ஷுக்கு மாற்றும்போது மட்டும் எழுத்து மாறியிருந்தால், பி.பி.ஓ.வைக் காட்டி அங்கேயே திருத்தக் கேட்கலாம். என் பி.பி.ஓ.விலும் வள்ளி தேவிதான். டிஸ்சார்ஜ் புக்கிலும் அவளே. அப்படியானால் வேர், நம் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ராணுவ ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கிறது. அங்கே திருத்தாமல் மேலே எதுவும் நகராது.

முதலில் நானும் எல்லாரையும் போல மனு எழுதி, ஆதார் நகல் வைத்து ரெக்கார்ட் ஆபீஸுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். வந்த பதிலில் ஒரு அச்சடித்த பட்டியல்: முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் முன் பிரமாணப் பத்திரம், ஒரு ஆங்கிலப் பத்திரிகையிலும் ஒரு தமிழ்ப் பத்திரிகையிலும் பெயர் மாற்ற விளம்பரம், இன்னும் சில. படித்ததும் எரிச்சல்தான் வந்தது. என் மனைவி எங்கே பெயரை மாற்றினாள்? மாற்றியது நீங்கள்.

ஆனால் நான் சொன்னால் போதுமா, காகிதம் சொல்ல வேண்டுமே. கல்யாணம், குழந்தை பிறப்பு, விவாகரத்து, இறப்பு என்று சிப்பாயின் வீட்டில் நடக்கும் எல்லாவற்றையும் யூனிட் ஒரு பார்ட் டூ ஆர்டராக வெளியிடும். அது ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போய், அங்கே ஷீட் ரோல் என்ற சிப்பாயின் பணிப் பதிவேட்டில் ஏறும். பென்ஷன் காகிதங்கள் தயாராவது அதிலிருந்துதான். அதனால் என் கல்யாணத்துக்கு வந்த பார்ட் டூ ஆர்டர், ஷீட் ரோலில் குடும்ப விவரம் உள்ள பக்கம் இரண்டின் நகலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். 10 ரூபாய்க்கு இந்தியன் போஸ்டல் ஆர்டர், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். தராவிட்டால் முதல் மேல்முறையீடு. ‘ஏன் தப்பாக எழுதினீர்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. எந்தக் காகிதம் வேண்டும் என்று கேளுங்கள், காகிதம் வரும்.

வந்தது. பார்ட் டூ ஆர்டரில் என் மனைவி பெயர் வள்ளியம்மாள் என்று சுத்தமாக இருந்தது. ஷீட் ரோலுக்கு ஏறும்போதுதான் தேவி ஆகியிருக்கிறாள். பிறந்த தேதியோ பார்ட் டூ ஆர்டரில் இல்லவே இல்லை. ஷீட் ரோலில் மட்டும் பேனாவால் எழுதியிருந்தது, எதைப் பார்த்து எழுதினார்கள் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை.

எனக்கு வழி திறந்தது இங்கேதான். பெயரும் தேதியும் ஒரே தவறு இல்லை, இரண்டு வேறு வழக்கு. பெயர் விஷயத்தில் அவர்களுடைய காகிதமே எனக்குச் சாட்சி. அது பெயர் மாற்றம் இல்லை, நகல் எடுத்ததில் வந்த பிழை. விளம்பரம் எதற்கு? தேதி விஷயத்தில் அப்படி வாதாட முடியாது. அங்கே நான்தான் ஆதாரம் காட்ட வேண்டும். எனவே இரண்டுக்கும் தனித்தனி மனு. பெயருக்கு, பார்ட் டூ ஆர்டரின் எண், தேதி, நகல். பிறந்த தேதிக்கு, அவள் எட்டாவது வரை படித்த பள்ளியின் டி.சி., ஆதார், பான், நடுவர் முன் போட்ட பிரமாணப் பத்திரம். இரண்டையும் நல அலுவலகத்தில் மேலொப்பம் வாங்கி, அவர்கள் முகப்புக் கடிதத்தோடு அனுப்பினேன். ஒரே மனுவில் கலந்திருந்தால் தேதிக்குக் கேட்ட காகிதத்தையெல்லாம் பெயருக்கும் கேட்டிருப்பார்கள் என்று இன்றும் நினைக்கிறேன்.

டி.சி. வாங்கியது தனிக்கதை. பழைய பதிவேட்டைத் தேடி எடுக்கும் வரை அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை பொறுமையாக இருந்தார், அவருக்கு நன்றி.

மனுவில் சின்ன விஷயம்தான் பெரிய வேலை செய்யும். ஆர்மி நம்பரைக் கடைசி ஆங்கில எழுத்தோடு எழுதுங்கள். எண்ணை எழுதும்போது தவறு வந்தால் கண்டுபிடிக்கத்தான் அந்த எழுத்து. ரேங்க், யூனிட், சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி, பி.பி.ஓ. எண் எல்லாம் முதல் பத்தியிலேயே வரட்டும். ரெக்கார்ட் ஆபீஸ் எது என்று டிஸ்சார்ஜ் புக்கில் பாருங்கள்: மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, வண்டி, கருவிகளைப் பழுதுபார்க்கும் ஈ.எம்.ஈ.க்கு செகந்திராபாத். என்னுடையது எது என்பது இங்கே தேவையில்லை.

இடையில் நினைவூட்டல் கடிதங்கள் போட்டேன். கோபமாக எழுதவில்லை, முந்தைய கடிதத்தின் எண்ணும் தேதியும் குறிப்பிட்டு நாலு வரி, அவ்வளவுதான். பதிலே வராவிட்டால் மத்திய அரசின் குறைதீர் தளம் இருக்கிறது, அதற்கும் மேலே ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. எனக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை. பெயர் முதலில் திருந்தியது. தேதி அதற்குப் பிறகு. ரெக்கார்ட் ஆபீஸ் இரண்டுக்கும் பார்ட் டூ ஆர்டர் போட்டு, பிரயாக்ராஜில் உள்ள ராணுவ ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்கு எழுதி, அங்கிருந்து திருத்திய பி.பி.ஓ. வந்தது.

அது வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். ஈ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டக் கார்டு, நல அலுவலகத்து அடையாள அட்டை, பென்ஷன் வரும் கூட்டுக் கணக்கு, எல்லாவற்றுக்கும் நகலைக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கையோடு பிள்ளைகள் பெயரையும் பார்த்தேன். மகள் பெயர் சரியாக இருக்கிறது. கல்யாணமாகாத, கணவனை இழந்த, விவாகரத்தான மகளுக்குக் குடும்ப ஓய்வூதியத்தில் உரிமை வர வாய்ப்பு உண்டு என்பதால் அது முக்கியம். மகன் பெயரில் ஒரு எழுத்து குறைகிறது. அவனுக்கு 25 வயது எப்போதோ தாண்டிவிட்டது, உடம்புக்கும் ஒன்றுமில்லை, அந்த வகையில் அவனுக்கு எதுவும் வரப்போவதில்லை. அதை அப்படியே விட்டுவிட்டேன்.