ஒரு நாளைக்கு ஒரு ரிப்

பிப்ரவரி 1, 2023, புதன். மீதி 59

வேலை போய்விட்டது. வேலை விசாவில் இருப்பவன், அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் அமெரிக்காவைவிட்டுக் கிளம்ப வேண்டும். மீதி நாளைத் தலைப்பில் எழுதுகிறேன். கேரேஜிலிருந்து காரை வெளியே எடுத்து நிறுத்திவிட்டேன். அந்த இடத்தில் இப்போது இரண்டு முக்காலி, மேலே ஒரு பழைய கதவு. கதவுதான் மேசை. மட்டம் வைத்துப் பார்த்தால் ஒரு மூலை கால் அங்குலம் தூக்கல். அட்டையை மடித்துச் செருகினேன், சரிப்படவில்லை. நாளைக்குப் பார்க்கலாம். நாளைக்கும் நேரம் இருக்கிறது, நாளன்றைக்கும் இருக்கிறது.

பிப்ரவரி 3, வெள்ளி. 57

"கார் கண்ணாடியில ஐஸைச் சுரண்டுறது நான்தான், ஞாபகம் வச்சுக்குங்க" என்றாள் மனைவி. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 5, ஞாயிறு. தைப்பூசம். 55

வரைபடத்தைப் பிரித்தேன். மூன்று வருஷமாக அலமாரிக்கு மேலே சுருண்டு கிடந்தது. நான்கு மூலையிலும் பருப்பு டப்பா வைத்தால்தான் படுக்கிறது.

பீட்டன்போல் ஏர் கேம்பர், வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் சின்ன மர விமானம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், தலைக்கு மேலே ஒரே இறக்கை. பெர்னார்ட் பீட்டன்போல் இதே மின்னசோட்டாக்காரர்தான். தெற்கே செர்ரி குரோவ் என்ற சிற்றூர். விமானக் கல்லூரி எதிலும் படித்தவரில்லை. ஃபோர்டு மாடல் ஏ கார் இன்ஜினைத் தூக்கி மூக்கில் வைத்துப் பறந்து காட்டினார். 1932இல் ஒரு பத்திரிகை வரைபடத்தை வெளியிட்டது. அன்றையிலிருந்து இன்றுவரை மாட்டுக்கொட்டகையிலும் கேரேஜிலும் யாராவது ஒருவர் இதைச் செய்துகொண்டே இருக்கிறார். என்னிடம் இருப்பது 1934இல் திருத்தி வரைந்தது. எல்லாம் அங்குலக் கணக்கு. அப்பாவுக்குப் பிடிக்கும். மில்லிமீட்டர் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

இறக்கையில் தொடங்கு, அதிலும் ரிப்பில் தொடங்கு என்கிறார்கள். மீனுக்கு விலா எலும்பு மாதிரி வரிசையாக நிற்கும் சட்டங்கள் அவை. கெட்டுப்போனால் நஷ்டம் கொஞ்சம்தான். இறக்கையின் நீளத்துக்கு ஓடும் இரண்டு பெரிய சட்டங்கள் வேறு கதை. ஒரு அங்குலத் தடிமன், நாலே முக்கால் அங்குல உயரம், ஒரு முடிச்சு இல்லாத ஸ்ப்ரூஸ் மரம். அதன் விலையைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். இப்போது வாங்க முடியாது. வாங்கினாலும் எங்கே வைப்பது.

ரிப்தான். 30 வேண்டும்.

பிப்ரவரி 8, புதன். 52

இரண்டு இடத்திலிருந்து பதில். இரண்டும் ஒரே வாக்கியம், பெயர் மட்டும் வேறு.

ஜிக், அதாவது ரிப்பை வைத்து ஒட்டும் அச்சுப் பலகை, தயார். பிளைவுட் பலகைமேல் முழு அளவு ரிப் படத்தை ஒட்டி, கோட்டின் இருபுறமும் சின்னச் சின்ன மரக்கட்டைகளை அடித்தேன். ரீப்பரை நடுவே அழுத்தினால் நகரக்கூடாது, அவ்வளவுதான். நீளம் 60 அங்குலம். பாப்பா அதன்மேல் படுத்து அளந்து பார்த்தாள். அவளைவிட ரிப் பெரியது.

பிப்ரவரி 9, வியாழன். 51

தூக்கமில்லை. குறுக்குக் கோட்டைப் பற்றிப் படித்திருக்கக் கூடாது.

மரம் வெட்டி விழும்போது பாறைமேலோ இன்னொரு மரத்தின்மேலோ விழுந்தால், அல்லது நின்ற இடத்திலேயே பெருங்காற்றில் வளைந்தால், உள்ளே நார்கள் ஒரு கோட்டில் நசுங்கிவிடும். ரேகைக்குக் குறுக்கே ஒரு முடிக்கோடு. மரம் முழுசாகத்தான் இருக்கும். இழைத்தால் பளபளக்கும். பாரம் ஏறும் அன்று அந்த இடத்தில் கேரட் மாதிரி முறியும். விளக்கைப் படுக்கவைத்து, வெளிச்சம் மரத்தை உரசிக்கொண்டு போகிற மாதிரி பார்த்தால்தான் தெரியுமாம், அதுவும் சில சமயம்.

ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சோடு கேரேஜில். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று எப்படித் தெரியும்?

பிப்ரவரி 11, சனி. 49

அப்பாவிடம் சொன்னேன். விமானம் விஷயத்தை மட்டும்.

"என்ன மரம்ல?"

ஸ்ப்ரூஸ் என்றேன். ஊசியிலை மரம், வெள்ளையாக இருக்கும்.

"வைரமே பாயாத மரமால்ல இருக்கும். தேக்கு கெடைக்கலையா ஒனக்கு?"

தேக்கு ஒரு கன மீட்டர் 650 கிலோ, இது 430க்குப் பக்கம் என்றேன். எடைக்கு எடை பார்த்தால் இதற்குள்ள வலு அபாரம் என்றேன். கேட்டுக்கொண்டார். செங்கோட்டை ரம்ப மில்லில் முப்பது வருஷம் மரம் பார்த்த மனுஷர். கொஞ்ச நேரம் கழித்து, "ஆணி எத்தனை?" என்றார்.

ஆணி இல்லை, பசைதான்.

"பசைய நம்பியா ஆகாசத்துக்குப் போறே?"

அவர் சின்ன வயதில் கொட்டாங்கச்சியில் வச்சிரப் பசை காய்ச்சியவர். அந்த நாற்றத்தை இப்போதும் சொல்வார். மழைக்காலத்தில் அந்தப் பசை என்ன பாடு படுத்தும் என்று ஒரு கட்டில் கதையோடு சொல்லி முடித்தார். கடைசியில், "வேலைக்குப் போகலையா இன்னைக்கு?" சனிக்கிழமைப்பா என்றேன். உண்மைதானே.

பிப்ரவரி 13, திங்கள். 47

பசைச் சோதனை. இரண்டு துண்டை ஒட்டி, மறுநாள் குறட்டில் பிடித்து உடைக்க வேண்டும். மரம் கிழிய வேண்டும், ஒட்டு விடக்கூடாது. எனக்கு ஒட்டுதான் விட்டது. கண்ணாடி மாதிரி வழவழவென்று பிரிந்து வந்தது.

டி-88 எபாக்சி, இரண்டு பகுதியாக வரும் பசை. சரிக்குச் சரி கலக்க வேண்டும், தேன் நிறம். 2 டிகிரிக் குளிரிலும் இறுகும் என்று டப்பா சொல்கிறது. எத்தனை நாளில் என்பதுதான் விஷயம். கேரேஜில் எட்டு டிகிரி. நாளைக்கு ஹீட்டர் வாங்க வேண்டும். கரண்ட் பில்லைப் பற்றி இப்போது யோசிக்கப் போவதில்லை.

பிப்ரவரி 14, செவ்வாய். 46

ஹீட்டர் வாங்கியாயிற்று. இவளுக்குப் பரிசு ஒன்றும் வாங்கவில்லை.

பிப்ரவரி 15, புதன். 45

மரம் கிழிந்தது! நார் நாராக, இரண்டு துண்டிலும். பாப்பாவையும் உடைக்கச் சொன்னேன். கிழிந்த துண்டைத் தேதி எழுதி டப்பாவில் போட்டுவைத்தாள்.

பிப்ரவரி 18, சனி. 42

முதல் ரிப்.

மேல் ரீப்பர் முன்பக்கம் மூக்குமாதிரி வளைய வேண்டும். கால் அங்குலத்துக்கு அரை அங்குல ஸ்ப்ரூஸ் அப்படியே வளையாது, டப்பென்று போய்விடும். பிவிசி குழாயின் ஒரு பக்கத்தை அடைத்து, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, ரீப்பர்களை உள்ளே நிறுத்தினேன். ரீப்பர் வளைவதற்கு முன்னால் குழாய் வளைந்துவிட்டது. கொதிநீரில் பிவிசி இளகும் என்பது இத்தனை வயதுக்கு எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாக்ஸெல்லாம் தண்ணீர். பிறகு அந்த உயரமான எவர்சில்வர் தூக்கு. அம்மா கொடுத்தனுப்பியது, பத்து வருஷமாக எதற்கென்றே தெரியாமல் இருந்தது. இருபது நிமிஷம் ஊறினபின் ரீப்பர் முருங்கைக்காய் மாதிரி வளைந்தது.

ஜிக்மேல் சமையலறை பிளாஸ்டிக் தாளை விரித்து, மேல் ரீப்பர், கீழ் ரீப்பர், நடுவே நேர்க்கால்களும் சாய்கால்களும். ஒவ்வொரு சந்திப்பிலும் 1/16 அங்குல பிர்ச் பிளைவுட் வில்லை, பசை தடவி, மேலே ஸ்டேப்பிள். இன்றைக்கு ஒரு பக்கம். நாளைக்கு ஜிக்கிலிருந்து எடுத்துத் திருப்பி மறுபக்கம். அந்த நேரத்தில் ஜிக் காலி, அடுத்த ரிப்புக்கு இடம். ஒரு நாளைக்கு ஒன்று. எல்லோரும் சொல்கிற கணக்கு இதுதான்.

இன்று சிவராத்திரி. எப்படியும் விழித்திருக்கப் போகிறேன்.

பிப்ரவரி 19, ஞாயிறு. 41

பின்பக்க மூலையில் பிளாஸ்டிக் தாள் விலகியிருந்திருக்கிறது. ரிப் ஜிக்கோடு ஒட்டிக்கொண்டது. உளியால் பெயர்த்ததில் படமும் கொஞ்சம் பிய்ந்து வந்தது.

பிப்ரவரி 22, புதன். 38

பனி. பள்ளிக்கூடம் இல்லை. பாப்பா நாள் முழுக்க கேரேஜில். சுவரில் இரண்டு பத்தி போட்டிருக்கிறாள். ஒன்று ரிப் எண்ணிக்கை. இன்னொன்று, நான் இங்கே தலைப்பில் எழுதுகிற எண். அது என்ன என்று அவள் கேட்கவில்லை. தினமும் ஒன்று குறைகிறது என்று மட்டும் கண்டுபிடித்திருக்கிறாள்.

4 / 38.

பிப்ரவரி 26, ஞாயிறு. 34

பதிவு விதியைப் படித்தேன். வாலில் எழுதுகிற எண்ணை வாங்க, விமானத்தின் சொந்தக்காரர் குடிமகனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கிரீன் கார்டாவது வேண்டும். செய்வதற்கு ஒரு தடையும் இல்லை. பாதிக்கு மேல் நாமே செய்தோம் என்பதற்கு ஃபோட்டோவும் குறிப்பும் வைத்திருந்தால் போதும். அதாவது பதிவாகும்வரை இது மரச்சாமான். நாற்காலி, பெஞ்சு மாதிரி.

என் ஃபோட்டோ எல்லாவற்றிலும் பாப்பாவின் கட்டைவிரல் இருக்கிறது.

மார்ச் 1, புதன். 31

ஒன்பது ரிப். ஒன்றை எடுத்துப் பார்த்தால் ஒரு தேங்காய் கனம்கூட இல்லை.

மார்ச் 3, வெள்ளி. 29

மரத்தின் ரேகை 15 அங்குலத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் சாயக்கூடாது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் மையை ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும், நார் போகிற பக்கம் மை ஓடும். வாங்கி வைத்திருக்கிற ரீப்பர் எல்லாவற்றிலும் சொட்டு விட்டேன். ஏழில் சாய்வு. ஓரமாக எடுத்து வைத்தேன். அந்த ஏழைப் போல எத்தனை ஏற்கெனவே ஒட்டிய ஒன்பதுக்குள் போயிருக்கும்?

குறுக்குக் கோட்டுக்கு மை உதவாது. டார்ச்தான்.

மார்ச் 5, ஞாயிறு. 27

விமானம் கட்டுகிறவர்களுக்கென்று இங்கே ஒரு சங்கம் இருக்கிறது, கட்டி முடித்த பெரியவர் யாராவது இலவசமாக வந்து பார்த்துச் சொல்வார். இன்று வந்தவர் எழுபதைத் தாண்டியவர். பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் கேரேஜுக்குள் வந்தார், எத்தனை வேண்டாமென்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு ரிப்பாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பாராட்டு கிடையாது. ஏழாவது ரிப்பில் ஒரு வில்லையின் ஓரத்தை நகத்தால் கீறி, "இங்கே பசை வெளியே பிதுங்கவில்லையே, ஏன்?" என்றார். பதில் இல்லை என்னிடம். "அப்படியானால் இது சுவருக்கு."

சுவரில் மாட்டிவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

போகும்போது, ஒரு ரிப்பை நம்ப வேண்டுமானால் அதன்மேல் பாரம் ஏற்றிப் பார் என்றார். "எப்போது முடிப்பாய்?" என்று மட்டும் கேட்கவே இல்லை. இதுவரை கேட்காத ஒரே ஆள்.

மார்ச் 8, புதன். 24

மூன்றாம் சுற்று நேர்காணல். 50 நிமிஷம். நன்றாகப் போனதாகத்தான் தோன்றுகிறது. போன தடவையும் தோன்றியது.

மார்ச் 11, சனி. 21

பாரச் சோதனை.

கணக்கு: முழு எடை 1,080 பவுண்டு, 490 கிலோ. 30 ரிப் பகிர்ந்துகொண்டால் ஒன்றுக்குப் 16 கிலோ சொச்சம். காற்றில் உலுக்கும்போது நாலு மடங்கு என்று வைத்தால் 65. ஒரு ரிப்மேல் மூட்டை நிற்காது, அதனால் இரண்டை இணையாக வைத்து, பெரிய சட்டங்கள் வரவேண்டிய இடத்தில் கட்டை கொடுத்து, மேலே குறுக்கே பட்டை அடுக்கினேன். 130 கிலோ வேண்டும்.

பனி உருக்கும் உப்பு, 40 பவுண்டு மூட்டை, ஐந்து. 20 பவுண்டு பொன்னி அரிசி, நாலு. அரிசி மட்டும் தள்ளுபடி என்று இவள்தான் வாங்கி வைத்திருந்தாள். மொத்தம் 280 பவுண்டு, 127 கிலோ. போதும். முன்பக்கம் அதிகம், பின்பக்கம் குறைவு, காற்று தூக்குகிற விகிதத்துக்கு.

ஆறாவது மூட்டையில் ஒரு 'க்ரீச்'. நான் கையை எடுத்துவிட்டேன். இவள் வாசற்படியில் நின்றிருந்தாள், எப்போது வந்தாள் என்று தெரியாது. "நிறுத்துங்க" என்பாள் என்று நினைத்தேன். அடுத்த அரிசி மூட்டையைத் தூக்கி அவளே மெதுவாக வைத்தாள். எட்டு. ஒன்பது. நடுவில் மூன்று மில்லிமீட்டர் தொய்வு. பத்து நிமிஷம் நின்றோம். பிறகு இறக்கினேன், தொய்வு முழுக்கத் திரும்பியது.

ராத்திரி அந்தப் பொன்னியில்தான் சாதம். ரசம். இரண்டு வாரத்துக்குப் பிறகு மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மார்ச் 12, ஞாயிறு. 20

வெயில் காலக் கணக்குக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். அந்த ஒரு மணி நேரம் யார் கணக்கில்?

18 / 20.

மார்ச் 13, திங்கள். 19

19 / 19. பாப்பா வட்டம் போட்டிருக்கிறாள்.

மார்ச் 16, வியாழன். 16

பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். "உங்கள் அனுபவம் எங்களைக் கவர்ந்தது" என்று ஏன் தொடங்க வேண்டும்?

இன்று ரிப் இல்லை.

மார்ச் 18, சனி. 14

1931 மார்ச் 31. கன்ஸாஸில் ஃபோக்கர் பயணி விமானம் ஒன்றின் இறக்கை வானத்திலேயே பிய்ந்தது. எட்டுப் பேர், அதில் ஒருவர் நாடறிந்த அமெரிக்க ஃபுட்பால் பயிற்சியாளர். மர இறக்கைக்குள் ஈரம் இறங்கிப் பசை விட்டிருந்தது. 1944இல் இந்தியாவில் இருந்த மஸ்கிட்டோ என்ற மரப் போர் விமானங்களையும் பறக்காமல் நிறுத்திவைத்தார்கள், அதிலும் ஒட்டுத் தகராறு. வெளியே பார்த்தால் எல்லாம் சரி. வார்னிஷ் பளபளக்கும்.

அப்பா சொன்ன கட்டில் கதை நினைவுக்கு வந்தது. தென்காசிச் சாரலில் இந்த எபாக்சி என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது, இது அந்தப் பசை இல்லை. ஆனால் ஏன் தென்காசியை யோசித்தேன்?

டார்ச். பதினொன்றாவது ரிப், கீழ் ரீப்பர், நடுவில் ஒரு கோடு. நகத்தால் தடவினேன். பென்சில் கோடு. நான் போட்டதுதான்.

மார்ச் 20, திங்கள். 12

விமானத்தில் ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டியின் நீளம், அகலம், உயரம் கூட்டினால் 158 செ.மீ. தாண்டக்கூடாது. ரிப் நீளம் மட்டுமே 152.

மார்ச் 21, செவ்வாய். 11

இவள் எனக்குத் தெரியாமல் கப்பலுக்கு விலை கேட்டிருக்கிறாள். மரப்பெட்டி என்றால் சூடேற்றிப் பதப்படுத்திய மரம் என்ற முத்திரை வேண்டுமாம், அட்டைப்பெட்டி என்றால் வேண்டாமாம். மின்னஞ்சலில் சாமான் பட்டியலின் கடைசி வரி: "விமான ரிப், 30." இருபத்துமூன்றுதான் இருக்கிறது. முப்பது என்றே எழுதியிருக்கிறாள்.

மார்ச் 22, புதன். 10

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். ரொம்ப நேரம் பேசவில்லை. ஃபோன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். அப்புறம், "அந்த அச்சுப் பலகையையும் சேத்துக் கொண்டாந்துரு, இங்க வந்து புதுசா அடிக்க முடியாது" என்றார்.

மார்ச் 24, வெள்ளி. 8

25 ஜிக்கில் இருக்கிறது. கேரேஜில் 19 டிகிரி. பத்து மணிக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது ஒன்பதே கால். அதற்குள் திருப்பிப்போட்டு மறுபக்கம் ஒட்டிவிடலாம், பசை கலந்தால் அரை மணி நேரம் தாங்கும்