ரிலையன்ட் கே-யின் 'ம்ம்ஹ்ம்'

கிறிஸ்தவ ராக் என்றாலே பிரசங்கத்துக்குப் பின்னால் கிட்டார் வாசிப்பார்கள் என்று ஒதுங்கிப் போகிறவர்கள், ஒஹையோ மாநிலத்து கேன்டனில் தொடங்கிய ரிலையன்ட் கே 2004-இல் வெளியிட்ட 'ம்ம்ஹ்ம்' ஆல்பத்தை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். (பேண்டின் பெயரே கிட்டாரிஸ்ட் மேட் ஹூப்ஸ் ஓட்டிய பழைய பிளிமத் ரிலையன்ட் கே காரிலிருந்து வந்ததுதான், ஆங்கில எழுத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொண்டார்கள்.)

'பீ மை எஸ்கேப்' கோரஸ் ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், நாள் முழுக்க வாய் முணுமுணுக்கும். விட்டு ஓடினால் போதும் என்கிற பாட்டு மாதிரிதான் இருக்கும், ஆனால் யாரிடம் பேசுகிறார் என்று கவனித்தால் அது ஜெபம், அதுவும் கடைசியில் சத்தமெல்லாம் அடங்கி பியானோவோடு பாடகர் மேட் தீசன் குரல் தனியாக வரும்போது, இத்தனை நாள் உன்னோடு சண்டை போட்டேனே என்று வருந்துகிற இடம் இருக்கிறதே, அங்கே எனக்கு மதமெல்லாம் குறுக்கே வரவில்லை.

'ஹை ஆஃப் 75' மனநிலையை வானிலை அறிக்கையாக்கும் ஜாலியான பாட்டு. 'மை கேர்ள்ஸ் எக்ஸ்-பாய்ஃபிரெண்ட்' எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை, சும்மா நகைச்சுவை. அப்புறம் 'வென் ஐ கோ டவுன்', அதை ஹெட்ஃபோனில்தான் கேட்கணும்.