புளியின் அமிலமும் ஆக்சிஜன் வளையங்களும்

மதுரைச் சமையலறைகளில் நாள்தோறும் கரைக்கப்படும் புளியின் புளிப்புக்குப் பெரிதும் காரணமான டார்டாரிக் அமிலம், கரிம வேதியியலில் ஆக்சிஜன் அணுவை உள்ளடக்கிய வளையங்களை விரும்பிய முப்பரிமாண அமைப்பில் உருவாக்கவும் உதவுகிறது என்று இங்குள்ள முதுகலை மாணவர்களுக்குச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

1980-இல் வேதியியலாளர்கள் கட்சுகியும் ஷார்ப்லெஸும் வெளியிட்ட முறையில், அல்லைல் ஆல்கஹாலின் (ஹைட்ராக்சில், அதாவது OH, தாங்கிய கார்பனை அடுத்து இரட்டைப் பிணைப்பு உள்ள ஆல்கஹால்) இரட்டைப் பிணைப்பில் ஓர் ஆக்சிஜன் அணு சேர்ந்து, மூவணு வளையமான எபாக்சைடு உருவாகிறது. வினையூக்கியான டைட்டானியம் ஐசோபுரோப்பாக்சைடுடன் பிணையும், டார்டாரிக் அமிலத்திலிருந்து பெறும் டார்ட்ரேட் எஸ்டர், ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான வலஞ்சுழி, இடஞ்சுழி வடிவங்களில் எது என்பதைப் பொறுத்தே, ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பின் எந்தப் பக்கத்தில் வந்து சேரும் என்பது முடிவாகிறது. புளியில் இருப்பது வலஞ்சுழி வடிவம். ஈரம் வினையைக் கெடுக்கும் என்பதால், நம் ஊர் ஐப்பசி மழையில் ஈரத்தை உறிஞ்சும் மூலக்கூறு சல்லடையின்றி இதில் இறங்காதிருப்பதே நல்லது.

எபாக்சைடைப் பெரிய வளையமாக்கும் கட்டம் இன்னும் சுவையானது. அதே மூலக்கூறில் தக்க தொலைவில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி எபாக்சைடைத் தாக்கும்போது, தாக்கப்படும் கார்பனின் அமைப்பு தலைகீழாகிறது. ஆகவே விளைபொருளின் வடிவத்தை முன்கூட்டியே கணிக்கலாம். ஐந்தணு வளையமும் ஆறணு வளையமும் போட்டியிடும் இடத்தில் பொதுவாக ஐந்தணு வளையமே முந்தும். எபாக்சைடை அடுத்து ஒரு வினைல் தொகுதியை (இரட்டைப் பிணைப்பால் இணைந்த இரு கார்பன்கள் கொண்ட தொகுதி) வைத்து, ஆறணு வளையத்தை முந்தச் செய்தார் வேதியியலாளர் நிக்கலாவ். பதினொரு வளையங்கள் கொண்ட கடல் நச்சான பிரெவிடாக்சின் பி-யை எளிய பொருள்களிலிருந்து ஆய்வகத்தில் உருவாக்கும் முழுத் தொகுப்பை அவர் குழு 1995-இல் வெளியிட்டபோது, அதில் இந்த உத்திக்கும் பங்கிருந்தது.