தண்ணி பால் மாதிரி ஆச்சு, என் கை சும்மா இருக்கல

60 லிட்டர் மீன் டேங்க். மணல் கழுவுனது, ஹீட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர், குளோரின எடுக்கற டீக்ளோரினேட்டர் எல்லாம் பிரச்சனை இல்லாம முடிஞ்சுது. மீன் விடாம சைக்கிள் பண்ணலாம்னு, அதாவது அம்மோனியாங்கற விஷத்த மாத்தற நல்ல பாக்டீரியாவ முன்னாடியே வளத்துக்கலாம்னு, அழுகி அம்மோனியா வரட்டும்னு மீன் தீனி போட்டேன், கோட்டை விட்டது அங்கதான். ஒரு சிட்டிகை போதும்னு தெரிஞ்சும் சீக்கிரம் நடக்கட்டுமேன்னு அள்ளிப் போட்டுட்டேன்.

மூணாவது நாள் காலைல பாத்தா, டேங்க்ல யாரோ பாலை ஊத்திட்டுப் போன மாதிரி இருக்கு. பின் கண்ணாடில ஒட்டின தெர்மாமீட்டர் இருக்கற எடமே தெரியல. மணல் தூசியா இருக்குமோன்னு கண்ணாடி டம்ளர்ல கொஞ்சம் மொண்டு வெச்சேன், மறுநாள் அடியில ஒண்ணும் படியல, அதே வெள்ளை. தூசின்னா கீழ உக்காந்திருக்கணும், பாசின்னா பச்சையா இருக்கணும், ரெண்டும் இல்லன்னா பாக்டீரியான்னு அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

புரியாம டேங்க் வாங்கின எடத்துல போய்க் கேட்டேன். அவர் நிமிர்ந்துகூட பாக்கல. "தண்ணிய ஃபுல்லா மாத்துங்க சார், ஃபில்டர கொழாயில நல்லா கழுவுங்க, இத ஊத்துங்க"ன்னு ஒரு கிளியர் வாட்டர் பாட்டிலத் தள்ளி விட்டார். நானும் வாங்கிட்டு வந்து சொன்னத அப்படியே செஞ்சேன்.

அன்னிக்கு ராத்திரி கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ரெண்டே நாள்ல திரும்ப பால். மறுபடி ஃபுல்லா மாத்தினேன், திரும்ப வந்துச்சு. மூணாவது தடவையும் மாத்தி முதுகு போனதுதான் மிச்சம். அந்த மருந்து வேற தண்ணில மெதக்கறத எல்லாம் திரட்டி ஸ்பாஞ்ச்ல கொண்டுபோய் அடைச்சு, ஃபில்டர் முக்கி முக்கி ஓடுது.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். அழுகற தீனிய திங்கற பாக்டீரியாவுக்கு ஹெட்டிரோட்ரோபிக்னு பேரு, வசதி கெடைச்சா ஒரு மணி நேரத்துக்குள்ளயே ரெண்டு மடங்காயிடும், அந்தக் கூட்டம்தான் வெள்ளையா தெரியுது. அம்மோனியாவ நைட்ரைட்டாவும், அத அவ்வளவா விஷமில்லாத நைட்ரேட்டாவும் மாத்தற, நமக்கு வேண்டிய பாக்டீரியா நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா எல்லாம் ரெண்டு மடங்காக ஒரு நாள் பக்கம் எடுத்துக்கும், அதுங்க தண்ணில மெதக்காது, ஸ்பாஞ்ச்லயும் மணல்லயும் ஒட்டிட்டிருக்கும். நான் தண்ணிய மாத்தினேனே தவிர மணலுக்குள்ள போன தீனிய எடுக்கவே இல்ல, சாப்பாடு அப்படியே இருக்கு, மிச்சமிருந்தது மறுபடி பெருகுது. குளோரின் தண்ணில ஸ்பாஞ்ச கழுவி, வேண்டியதுல கொஞ்சநஞ்சம் ஒட்டியிருந்ததையும் நானே கொன்னுருக்கேன்!

மணல சைஃபன் வெச்சு உறிஞ்சினேன், கருப்பா தீனிக் கூழ் வந்துச்சு, நாத்தம் வேற. அப்புறம் கைய கட்டிட்டு உக்காந்தேன். காத்துக் குமிழி விடற ஏர்ஸ்டோன் மட்டும் கூடுதலா ஒண்ணு, ஏன்னா இந்தக் கூட்டம் ஆக்சிஜன இழுக்கும், உள்ள மீன் இருக்கறவங்க இத கண்டிப்பா செய்யுங்க. ஸ்பாஞ்ச் அடைச்சா டேங்க் தண்ணிய ஒரு பக்கெட்ல எடுத்து அதுல லேசா பிழிங்க, கொழாய் பக்கமே போகாதீங்க. தெரிஞ்சவங்க வீட்டுல நோயில்லாத பழைய டேங்க் இருந்தா அதோட ஸ்பாஞ்ச்ல ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போடுங்க, எனக்கு அப்படி யாரும் அமையல.

மணல உறிஞ்சின அஞ்சாம் நாள் சாயங்காலம் தெர்மாமீட்டர்ல 26ன்னு நம்பர் தெரிஞ்சுது, சத்தியமா கத்திட்டேன். ஒடனே மீன் வாங்க செருப்பு மாட்டிட்டேன். வாசல்ல நின்னு, எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுப்போமேன்னு திரும்பி வந்தேன், நல்லவேளை. அம்மோனியா டெஸ்ட் டியூப் நல்ல பச்சை, ஜீரோவா இருக்க வேண்டியது 2 பிபிஎம் (பத்து லட்சத்துல ரெண்டு பங்கு). தண்ணி தெளிஞ்சதுக்கும் சைக்கிள் முடிஞ்சதுக்கும் சம்பந்தமே இல்லங்க.

அதுக்கப்புறம் நைட்ரைட் டியூப் ரெண்டு வாரம் கத்திரிக்காய் கலர்லயே நின்னு உயிர வாங்குச்சு. செட் பண்ணி 41வது நாள் அம்மோனியா மஞ்சள், நைட்ரைட் வெளிர்நீலம், ரெண்டும் ஜீரோ. நைட்ரேட் ஏறியிருந்துச்சு, அதுக்காக பாதி தண்ணி மாத்திட்டு ஆறு கப்பி மீன் மட்டும் விட்டேன்.

அந்த கிளியர் வாட்டர் பாட்டில் முக்கால்வாசி அப்படியே இருக்கு. யாருக்காவது குடுத்துடலாம்னு பாத்தேன், வேணாம், எதுக்கு அந்தப் பாவம்.