எது பெரிய ஆபத்துன்னு கேட்டா நான் கடிகாரத்தைத்தான் பாப்பேன்

அக்கா பையன் ப்ளஸ் டூ படிக்கிறான். போன வாரம் போன் பண்ணி "மாமா, பூகம்பம், சுனாமி, புயல், இதுல எது மாமா ரொம்ப டேஞ்சர்"னு கேட்டான். ஏதோ ரீல்ஸ் பாத்திருக்கான், அதுல வரிசையா நம்பர் போட்டு எரிமலைய முதல் எடத்துல வச்சிருக்காங்க. வேதாரண்யத்துப் பய எரிமலைக்குப் பயப்படுறான், என்னத்த சொல்ல! அப்ப ஏதோ சொல்லி சமாளிச்சுட்டேன், ஆனா அதுக்கப்புறம் அந்தக் கேள்வி மண்டைலயே ஓடிட்டு இருந்துச்சு, ஏன்னா நாங்க கடலோரத்துல பொறந்து வளந்தவங்க, அவன் சொன்ன லிஸ்ட்ல பாதி எங்க வாசப்படி வரைக்கும் வந்துட்டுப் போயிருக்கு. அதான் கொஞ்சம் விரிவா எழுதலாம்னு உக்காந்தேன்.

மொதல்ல ஒன்னு. எவ்ளோ பெருசுங்கறத வச்சு ஆபத்த அளக்கவே முடியாது. 2010ல ரெண்டு பூகம்பம் வந்துச்சு, ஜனவரில ஹைட்டில 7.0, அடுத்த மாசமே சிலில 8.8. நம்பர்ல பாத்தா கொஞ்சம்தான் வித்தியாசம் மாதிரி தெரியும் ஆனா அந்த ஸ்கேல்ல ஒவ்வொரு படி ஏறும்போதும் சக்தி முப்பது மடங்குக்கு மேல கூடும், கணக்குப் போட்டா சிலில வெளிப்பட்டது ஹைட்டிய விட சுமார் ஐநூறு மடங்கு. ஆனா சிலில செத்தவங்க ஐநூத்திச் சொச்சம் பேரு, ஹைட்டில லட்சத்துக்கும் மேல. ஹைட்டில தலைநகரத்துக்குப் பக்கத்துலயே வந்ததும் ஒரு காரணம்தான், ஒத்துக்கறேன். ஆனா சிலிக்காரங்க 1960ல 9.5 வாங்கினவங்க, உலகத்துலயே பதிவான பெரிய பூகம்பம் அதுதான், அதுக்கப்புறம் கட்டடத்த எப்படிக் கட்டணும்னு சட்டம் போட்டு அதுபடி கட்டவும் செஞ்சாங்க. நம்ம லாத்தூர எடுத்துக்கோங்க, 1993 செப்டம்பர் 30, விடியக்காலை நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி, பெரிய கல்ல மண்ணு வச்சுக் கட்டின வீடு, மேல கனமான கூரை, உள்ள எல்லாரும் தூக்கத்துல. பத்தாயிரம் பேரு கிட்ட போயிட்டாங்க. பூகம்பம் ஓடறதுக்கு நேரமே குடுக்காது, அதுல யாரு பொழைப்பாங்கங்கறத அந்த வீட்டக் கட்டின கொத்தனாரு பல வருஷம் முன்னாடியே முடிவு பண்ணிட்டாரு.

இங்கதான் எனக்குப் பிடிபட்டுச்சு. ஒவ்வொன்னும் நமக்கு எவ்ளோ நேரம் குடுக்குது, அந்த நேரத்துல சேதி யாரு காது வரைக்கும் போகுது, இதான் கேள்வி.

2004 சுனாமிய எல்லாரும் திடீர்னு வந்துச்சு திடீர்னு வந்துச்சுன்னு சொல்றாங்க. அது திடீர்னு வரல. சுமத்ராகிட்ட நம்ம நேரப்படி காலைல ஆறரை மணிக்கு பூமி ஆடுச்சு, நாகப்பட்டினத்துக்கு அலை வரும்போது மணி ஒம்பது கிட்ட ஆயிடுச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு மேல! பெரும்பாலான எடத்துல ரெண்டு கிலோமீட்டர் உள்ள நடந்திருந்தாலே தப்பிச்சிருக்கலாம், வயசானவங்க கூட நடந்துடற தூரம். ஆனா சொல்ல ஆளு இல்ல, இந்தியப் பெருங்கடலுக்குன்னு ஒரு எச்சரிக்கை மையமே அப்ப கிடையாது. கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநாள், ஞாயித்துக்கிழமை, வேளாங்கண்ணில வெளியூர்க் கூட்டம் வேற. நாகை மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல. இதுல கொடுமை என்னன்னா பல எடத்துல கடல் மொதல்ல உள்வாங்கிச்சு, தரை தெரிஞ்சுச்சு, மீனு துள்ளுச்சு, சின்னப் பசங்க எல்லாம் வேடிக்கை பாக்க கீழ எறங்கிப் போனாங்க.

அதே நாள்ல சுமத்ராவுக்குப் பக்கத்துல சிமுலுன்னு ஒரு தீவு, பூகம்பம் வந்த எடத்துக்கு அவ்ளோ கிட்ட. அவங்களுக்கு ரெண்டு மணி நேரம் எல்லாம் கிடைக்கல, பத்து நிமிஷம் கூட இல்ல. எழுபதாயிரம் பேருக்கு மேல இருந்த தீவுல செத்தவங்க ஏழு பேருதான். ஏன்னா 1907ல அங்க ஒரு சுனாமி வந்து ஊரையே வாரிட்டுப் போயிருக்கு, அப்போலேர்ந்து பாட்டிங்க எல்லாம் பேரப் புள்ளைங்களுக்கு அதைக் கதையா பாட்டா சொல்லிட்டே வந்திருக்காங்க, தரை பலமா ஆடி கடல் பின்னாடி போச்சுன்னா எதையும் எடுக்காத, மலைக்கு ஓடு. அன்னைக்கு ஊரே ஓடிடுச்சு. எங்களுக்கு ரெண்டு மணி நேரம் இருந்தும் கதை இல்ல.

இப்ப ஹைதராபாத்ல மையம் இருக்கு, 2007லேர்ந்து. 2012 ஏப்ரல்ல சுமத்ராகிட்ட 8.6 வந்து சென்னைல ஆபீஸ்ல இருந்தவங்க எல்லாம் படிக்கட்டுல ஓடி ரோட்டுக்கு வந்தது ஞாபகம் இருக்கா? அலர்ட் எல்லாம் குடுத்தாங்க, ஆனா அந்தத் தடவை கடலுக்கு அடில பூமித் தட்டு மேல எழும்பாம பக்கவாட்டுல நகந்ததால பெரிய அலை வரல. மறுநாளே "சும்மா பயமுறுத்திட்டாங்க"ன்னு பேச ஆரம்பிச்சாச்சு. இந்தப் பேச்சுதான் எனக்கு அலைய விட பயமா இருக்கு.

புயலுக்கு வருவோம். புயல் நாள் கணக்குல டைம் குடுக்கும். பேரு வச்சு, மேப் போட்டு, டிவில அம்புக்குறி காட்டி, கரையக் கடக்குற நேரம் வரைக்கும் சொல்லிடுவாங்க. ஒடிசாவப் பாருங்க, 1999 சூப்பர் சைக்ளோன்ல பத்தாயிரம் பேரு கிட்ட செத்தாங்க, 2013ல பைலின் வந்தப்போ பத்து லட்சம் பேர வெளியேத்தினாங்க, செத்தவங்க அம்பது பேருக்குள்ள. அதே கடல், அதே கரை. நடுவுல மாறுனது புயல் ஷெல்டரும், வீடு வீடா வந்து கூட்டிட்டுப் போக ஆளும்தான். புயல்ல ஆள அதிகமா கொல்றது காத்து இல்லைங்கறத நெறைய பேரு கவனிக்கறதில்ல. தாம்பாளத்துல இருக்கற தண்ணிய ஒரு பக்கமா ஊதித் தள்ளுற மாதிரி காத்து கடலையே கரைக்குத் தள்ளிட்டு வரும், அந்தத் தண்ணிதான் எமன். 1970ல இன்னைக்கு பங்களாதேஷா இருக்கற எடத்துல மூணு லட்சத்துக்கு மேல செத்தது அப்படித்தான், 1964ல தனுஷ்கோடில ராத்திரி பாசஞ்சர் ரயில் ஆளோட போனதும் அப்படித்தான்.

கஜா கரையக் கடந்தது 2018 நவம்பர் 16, நடு ராத்திரி பன்னெண்டரைலேர்ந்து ரெண்டரைக்குள்ள. நான் அப்ப ஊர்லதான் இருந்தேன். ஓடு ஒவ்வொன்னா பறக்கறது, தென்னை முறியறது, கதவு உள்பக்கமா பிதுங்கறது எல்லாம் காதுல கேட்டுட்டே இருக்கு, நானும் சித்தப்பாவும் கதவுக்குப் பின்னாடி நெல்லு மூட்டைய இழுத்துப் போட்டு அதுமேல சாஞ்சு உக்காந்திருக்கோம். சட்டுனு நின்னுடுச்சு. ஒரு இலை அசையல. தெருவுல டார்ச் வெளிச்சம் தெரியுது, ஆளுங்க வெளில வந்துட்டாங்க, எதிர் வீட்டு அண்ணன் விழுந்த மரத்த நவுத்த அரிவாளோட கெளம்பிட்டாரு. சித்தப்பாவும் எந்திரிச்சாரு. அப்பத்தா உள்ளேர்ந்து ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க, "எலே உள்ள வாங்கடா, இனிமேதான் எதிர்க்காத்து வரும், வடக்கால கதவ விட்டுட்டு இந்தப் பக்கம் மூட்டையப் போடு"ன்னு. புயலோட கண்ணு, அதான் காத்து ஓஞ்சு கெடக்கற நடுப்பகுதி, எங்க மேல நின்னுருக்கு. கொஞ்ச நேரத்துல எதிர்ப் பக்கத்துலேர்ந்து அடிக்க ஆரம்பிச்சுது, மொத காத்துல ஆட்டம் கண்டு நின்ன மரம் எல்லாம் ரெண்டாவது காத்துல போச்சு. அப்பத்தா பள்ளிக்கூடமே போனதில்ல, ஆனா 1977 நவம்பர்ல நாகைப் பக்கம் அடிச்ச புயல இருந்து பாத்தது.

கஜால தமிழ்நாட்டுல அறுபது பேருக்கு மேல செத்தாங்க. சுனாமியோட ஒப்பிட்டா சின்ன நம்பர், ரீல்ஸ் லிஸ்ட்ல எல்லாம் வரவே வராது. ஆனா பட்டுக்கோட்டை, பேராவூரணி, எங்க பக்கம்னு தென்னந்தோப்பு தோப்பா படுத்துடுச்சு, நெட்டை ரகம் திரும்ப வச்சா காய்ப்புக்கு வர அஞ்சாறு வருஷம். தோப்ப நம்பி கடன் வாங்கி பொண்ணு கல்யாணம் பண்ணி வச்சவன் என்ன பண்ணுவான்? திருப்பூருக்கு பஸ் ஏறுனான். செத்தவங்க எண்ணிக்கைய மட்டும் வச்சு வரிசை போடற ஆளுங்க மேல எனக்குக் கோவம் வர்றது இதனாலதான்.

கஜாவுக்கு முந்தின வருஷமே ஒக்கி புயல்ல வேற மாதிரி ஒரு பாடம் கிடைச்சுது. 2017 நவம்பர் கடைசில கன்னியாகுமரி பக்கத்துல ஒரே நாள்ல தாழ்வு மண்டலம் புயலா மாறிடுச்சு. கரைல இருந்தவனுக்கு டிவி இருந்துச்சு, ஆழ்கடலுக்குப் போயி பல நாள் தங்கி மீன் பிடிக்கிறவனுக்கு யாரு சொல்றது? போன் சிக்னல் அவ்ளோ தூரம் போகாது. தமிழ்நாடு கேரளா சேத்து செத்தவங்க, காணாமப் போனவங்கன்னு பாத்தா எரநூறுக்கு மேல மீனவங்க.

வெள்ளத்தப் பத்தி ரொம்ப எழுதல, சென்னைக்காரங்களுக்கு 2015 டிசம்பர் மனப்பாடம். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ்ல எண்ணூறு பேரு கிட்ட மாட்டிட்டு நின்னாங்க. வெள்ளம் முழங்கால் அளவுல இருக்கும்போது நேரம் இருக்குன்னு நம்ப வைக்கும், இடுப்புக்கு வந்தப்புறம் வெளியவும் போக முடியாது.

என்னைக் கேட்டா உள்ளூர ரொம்ப பயப்படறது நிலச்சரிவுக்குத்தான். 2020 ஆகஸ்ட் 6, மூணாறுக்குப் பக்கத்துல பெட்டிமுடி. தேயிலைத் தோட்ட லயத்துல, அதான் தொழிலாளிங்களோட வரிசை வீட்டுல, தூங்கிட்டிருந்தவங்க மேல ராத்திரி மலை வந்து விழுந்துச்சு, 70 பேரு. பெரும்பாலும் நம்ம ஆளுங்கதான், கயத்தாறு பக்கத்துலேர்ந்து தலைமுறை முன்னாடி கொழுந்து பறிக்கப் போன குடும்பங்க. மழைல கரன்ட் இல்ல, போன் இல்ல, மறுநாள் காலைல தான் சேதியே வெளில வந்துச்சு. 2024 ஜூலை 30 வயநாட்டுல முண்டக்கை, சூரல்மலை, அதுவும் நடு ராத்திரிதான். புயலுக்கு மேப் இருக்கு, சுனாமிக்கு மையம் இருக்கு, "இந்தச் சரிவு இன்னைக்கு ராத்திரி வரும்"னு லயத்துக் கதவத் தட்டிச் சொல்ல இன்னும் ஒன்னும் இல்ல. மழை இவ்ளோ பெஞ்சா எறங்கிடுங்கன்னு சொல்லலாம், ஆனா எறங்கி எங்க போறது, வீடும் வேலையும் ஒரே கம்பெனியோடது.

இப்ப யாரும் லிஸ்ட்ல சேக்காத ஒன்னு. இடி மின்னல். 2022ல இந்தியாவுல இயற்கையால செத்தவங்கள்ல மூணுல ஒரு பங்குக்கு மேல மின்னல்லதான், அரசுக் கணக்குப்படி 2,800க்கு மேல. புயலுக்கு அந்த நம்பர் வந்திருந்தா ஹெலிகாப்டர்ல வந்து பாத்திருப்பாங்க, இது ஊருக்கு ஒருத்தர் ரெண்டு பேருன்னு பிரிஞ்சு போயிடறதால ஆறாம் பக்கத்து பெட்டிச் செய்தி. வயல்ல நாத்து நடறவங்க, ஆடு மேய்க்கறவங்க. மழை வருதுன்னு ஒத்தப் பனை அடில போயி நிப்பாங்க, அதுதான் தப்பு, மரத்துல எறங்கின மின்சாரம் தரைல பரவும். மாடு ஒரே நேரத்துல நாலஞ்சு செத்துக் கெடக்கறதுக்குக் காரணமும் அதான், முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவுல தூரம் அதிகம், ஒரு காலு வழியா ஏறி இன்னொரு காலு வழியா எறங்கிடும். தாமினின்னு ஒரு ஆப் இருக்கு, மத்திய அரசோடது, சுத்துவட்டாரத்துல மின்னல் வந்தா அலர்ட் குடுக்கும். ஆனா நாத்து நடறப்போ போன் வரப்புல தூக்குவாளி பக்கத்துல பைக்குள்ள கெடக்கும். இடி காதுல கேட்டாலே பக்கா வீட்டுக்குள்ள போயிடணும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சுதான் வெளில வரணும், ஆப்பே இல்லாம இதச் செய்யலாம்.

வெயில் இருக்கே, அது எல்லாத்தையும் விட அதிகமா டைம் குடுக்குது. ஒரு வாரம் முன்னாடியே சொல்லிடறாங்க. எங்க ஊரு உப்பளத்துல வேலை செய்யறவங்க சித்திரை மாசத்துல விடியறதுக்கு முன்னாடியே போயி வெயில் ஏறுறதுக்குள்ள வாரி முடிச்சுட்டு வந்துடுவாங்க, அவங்களுக்கு எந்த ஆபீசும் சொல்லித் தரல. ஆனா நகரத்துல தார் ரோடு போடறவருக்கும் பார்சல் டெலிவரி பண்றவருக்கும் நேரத்த மாத்திக்கற உரிமை இல்ல. அகமதாபாத்ல 2010 மே மாசம் வழக்கத்த விட ஆயிரத்து முன்னூறு பேரு கிட்ட கூடுதலா செத்திருக்காங்கன்னு பின்னாடி கணக்கெடுத்துதான் தெரிஞ்சுது, அதுக்கப்புறம் 2013ல ஒரு திட்டம் போட்டாங்க. நம்ம மாநிலத்துலயும் 2024 அக்டோபர்ல வெப்ப அலைய பேரிடர்னு அறிவிச்சாங்க, செத்தா குடும்பத்துக்கு நாலு லட்சம். நல்ல விஷயம்தான். ஆனா அதுக்கு வெயில்னாலதான் செத்தாருன்னு டாக்டர் எழுதித் தரணும். மத்தியானம் பூரா தார் ஊத்திட்டு சாயங்காலம் ரூமுக்குப் போயி படுத்தவரு காலைல எந்திரிக்கலன்னா சர்டிபிகேட்ல மாரடைப்புன்னு தான் வரும், மாரடைப்புக்கு நிவாரணம் கிடையாது.