வடக்கு அம்புக்குறி இட்ட பிளாஸ்டர் பொதி

டைனோசர் அகழ்வில் தன்னார்வலராகச் சேர விரும்புவோர் பலருடைய மனத்தில் ஒரே காட்சிதான் இருக்கும்: தூரிகையால் மண்ணைத் தள்ளியதும் பெரியதொரு மண்டையோடு பற்களைக் காட்டியபடி வெளிப்படும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ஹெல் கிரீக் பாறைப் படிவத்தில், ஓர் அருங்காட்சியகம் பொதுமக்களையும் சேர்த்துக்கொண்டு நடத்திய ஆறு நாள் அகழ்வுக்கு விண்ணப்பித்தபோது என் மனத்திலும் அதுவே இருந்தது. 1902ஆம் ஆண்டில் பார்னம் பிரவுன் கண்டெடுத்து, 1905இல் ஹென்றி ஆஸ்போர்ன் டைரனோசாரஸ் ரெக்ஸ் என்று பெயரிட்ட விலங்கின் எலும்புகள் இதே படிவத்திலிருந்து வந்தவை என்பதைப் படித்திருந்தேன். அந்த ஒரு செய்தியே என் ஆசைக்குப் போதுமானதாக இருந்தது.

விண்ணப்பத்தில் டைனோசர் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. வெயிலில் எத்தனை மணி நேரம் மண்டியிட்டு அமர முடியும், என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறீர்கள், நிழலில்லாத மேட்டில் எவ்வளவு தூரம் சுமையுடன் நடக்க முடியும் என்பவையே கேட்கப்பட்டன. கடைசிப் பக்கத்தில் ஓர் ஒப்புதல்: கண்டெடுக்கும் எதுவும் எனக்குச் சொந்தமாகாது, படம் எடுத்தாலும் இருப்பிடத்தை வெளியிடக் கூடாது. முதலில் இது மிகையான கண்டிப்பாகத் தோன்றியது. கூட்டரசு நிலத்தில் முதுகெலும்புள்ள விலங்குகளின் புதைபடிவத்தை அனுமதியின்றி எடுப்பது 2009ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம் என்பதையும், தனியார் நிலமாக இருந்தால் அது நில உரிமையாளருடையது என்பதையும் பிறகே அறிந்தேன். 1990இல் தெற்கு டகோட்டாவில் கிடைத்த சூ என்ற டைரனோசாரஸ், நிலம் யாருடையது என்ற வழக்கில் சிக்கிப் பல ஆண்டுகள் பெட்டிகளில் கிடந்து, 1997இல் ஏறக்குறைய 84 லட்சம் டாலருக்கு ஏலம்போய்ச் சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தை அடைந்தது. டைனோசர் மீதான பொதுமக்களின் ஆர்வத்தை அந்த ஏலம் எந்த அளவுக்கு வளர்த்ததோ, எலும்புகள் மீதான பேராசையையும் அதே அளவுக்கு வளர்த்தது என்பது என் கருத்து.

முதல் நாள் தோண்டவே இல்லை, நடந்தோம். அங்குள்ள மண்ணில் எரிமலைச் சாம்பலிலிருந்து உருவான பென்டோனைட் களிமண் கலந்திருப்பதால், மழைக்குப் பின் ஊதிக் காய்ந்த மேற்பரப்பு பொரி போல உதிரியாக நொறுங்குகிறது. அந்த உதிரிகளுக்கிடையே எலும்புத் துணுக்குகள் கிடக்கும். சரிவில் துணுக்குகளைக் கண்டால் அவை மேலிருந்து உருண்டு வந்தவை என்று கொண்டு, அவை நின்றுபோகும் இடம்வரை மேலே ஏறிச் செல்ல வேண்டும். கல்லா எலும்பா என்று ஐயம் வந்தால் நாவில் தொட்டுப் பார்ப்பதும் உண்டு. எலும்பின் நுண்துளைகள் ஈரத்தை உறிஞ்சுவதால் அது நாவில் சற்றே ஒட்டிக்கொள்ளும். சில கற்களும் ஒட்டும் என்று எங்களை வழிநடத்திய தொல்லுயிரியலாளர் எச்சரித்தார். அவர் சொன்னது உண்மை என்பதை அன்று மாலைக்குள் பலமுறை உறுதிசெய்துகொண்டேன்.

குழுவில் தாயுடன் வந்திருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி எங்கள் எல்லோரையும்விட அதிகம் அறிந்திருந்தாள். ஸ்டெகோசாரஸின் தகடு ஏதேனும் கிடைக்குமா என்று நான் கேட்டதற்கு, ஸ்டெகோசாரஸ் 15 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது, இந்தப் பாறை 7 கோடி ஆண்டுகூட ஆகாதது, டைரனோசாரஸுக்கும் ஸ்டெகோசாரஸுக்கும் உள்ள இடைவெளி நமக்கும் டைரனோசாரஸுக்கும் உள்ள இடைவெளியைவிடப் பெரியது என்று பொறுமையாக விளக்கினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அதன் பிறகு யாரிடமும் எதையும் கேட்பதற்கு நான் தயங்கவில்லை.

இரண்டாம் நாள் செய்த பிழையை மறக்க இயலாது. சரிவில் பழுப்பாகப் பளபளத்த, விரல் நுனியளவான ஒரு பல்லைக் கண்டு, மகிழ்ச்சி மிகுதியில் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். தொல்லுயிரியலாளர் அதைப் பார்ப்பதற்கு முன்பே, "எந்த இடத்தில் கிடந்தது, காட்டுங்கள்" என்றார். திரும்பிப் பார்த்தேன், சரிவு முழுவதும் ஒரே மாதிரி இருந்தது. பத்தடி இங்கும் அங்குமாகச் சுட்டிக்காட்டினேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. பையின் மேல் "மேற்பரப்பு, சரியான இடம் தெரியவில்லை" என்று எழுதி என்னிடமே கொடுத்து, மற்ற பைகளுடன் சேர்த்து வைக்கச் சொன்னார். எந்தப் பாறை அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாத பல் காட்சிக்கு உதவலாம், ஆய்வில் அதன் சொல் எடுபடாது. அதன் பின் எதைக் கண்டாலும் முதலில் கொடியை நட்டேன், படமெடுத்தேன், ஆயத்தொலைவுகளைக் குறித்தேன், பிறகே குனிந்தேன்.

மூன்றாம் நாள் மழை. ஈரமான பென்டோனைட்டில் காலும் நகராது, வண்டியும் நகராது. கூடாரத்தில் அமர்ந்து குறிப்பேடுகளைச் சரிபார்த்தோம்.

எஞ்சிய நாட்கள் ஒரு விலா எலும்புக்கே சென்றன. எட்மன்டோசாரஸ் என்ற வாத்தலகு டைனோசரின் எலும்புகள் சிதறிக் கிடந்த குழியில், கயிறு கட்டிப் பிரித்த ஒரு சதுர மீட்டர் கட்டம் எனக்கு ஒதுக்கப்பட்டது. குத்தூசியால் சேற்றுக்கல்லைக் கடுகளவாகக் கிள்ளி எடுத்து, விரிசல் தெரிந்த இடங்களில் நீர்த்த பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அது உலரும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் எலும்பின் கிடையைக் கட்டத்தாளில் வரைந்தேன். என் கட்டத்தில் அதைத் தவிரக் கிடைத்தவை பென்சில் போன்ற சில குச்சிகளே. அவை இந்த விலங்குகளின் முதுகிலும் வாலிலும் எலும்பாக இறுகிய தசைநாண்கள் என்றார்கள்.

பொதி கட்டுவதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. எலும்பை அது பதிந்திருக்கும் கல்லோடு சேர்த்து ஒரு மேடையாக விட்டுச் சுற்றிலும் பள்ளம் வெட்டுவார்கள். பிளாஸ்டர் எலும்பில் ஒட்டாமலிருக்க முதலில் ஈரக் காகிதம், அதன் மேல் பிளாஸ்டரில் தோய்த்த சாக்குத்துணிப் பட்டைகள். 1876இல் எட்வர்ட் கோப் என்ற தொல்லுயிரியலாளருக்காக இதே மாநிலத்தில் எலும்பு சேகரித்த சார்லஸ் ஸ்டெர்ன்பர்க், பிளாஸ்டர் இல்லாமல் அரிசியைக் குழையக் காய்ச்சி அந்தப் பசையில் துணியை நனைத்துச் சுற்றினார் என்று கேட்டபோது, முழங்கை வரை வெள்ளையாகியிருந்த நான் சிரித்துவிட்டேன். உறை இறுகியதும் அடியைக் குடைந்து ஒரே வீச்சில் புரட்ட வேண்டும். தயங்கினால் உள்ளிருப்பது கீழே கொட்டிவிடும். நான்கு பேர் பிடித்துப் புரட்டினோம். ஒரு கைப்பிடி மண் மட்டுமே உதிர்ந்தது. திறந்திருந்த பக்கத்தையும் மூடி, எண்ணும் தேதியும் எழுதினோம். புரட்டுவதற்கு முன்பே வடக்கு நோக்கிய அம்புக்குறியை நான் வரைந்திருந்தேன்.

ஓராண்டு கழித்து அந்தப் பொதி என்னவாயிற்று என்று அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேட்டேன். கிடங்கின் அலமாரியில் இருக்கிறது, ஆய்வுக்கு உடனே தேவைப்படுபவற்றை முதலில் திறக்கிறோம், விலா எலும்பின் முறை வர இன்னும் காலமாகும் என்று அன்பான பதில் வந்தது. கல்லை அகற்றும் ஆய்வகத்துக்கும் தன்னார்வலர்கள் தேவைப்படுகிறார்கள் என்று கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். நுண்ணோக்கியின் கீழ் எத்தனை மணி நேரம் அசையாமல் அமர முடியும் என்பதே இம்முறை முதல் கேள்வி.