7ஆம் தேதிக் கூட்டம்

ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதி மாலை எங்கள் ஹேண்ட்போன் கடையில் நிற்க இடம் இருக்காது. மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும் என்பது மலேசியச் சட்டம், அதனால் நெகிரி செம்பிலானில் இருக்கும் எங்கள் பகாவ் டவுனைச் சுற்றியுள்ள தோட்டங்கள் பலவற்றில் அன்றைக்குத்தான் சம்பளம். செம்பனை எனும் எண்ணெய்ப்பனையின் குலை வெட்டிவிட்டு அப்படியே லாரியில் தொற்றிக்கொண்டு வரும் பங்களாதேஷ் பையன்கள், மகளின் போனைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு வரும் அம்மாக்கள், வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் வரும் மண்டோர்கள் எனும் மேற்பார்வையாளர்கள், எல்லாருக்கும் வேண்டியது ரீலோட், அதாவது போனில் காசு ஏற்றுவது. 10ஆம் தேதிவரை இதே கூட்டம்தான். 15க்கு மேல் குறையும். 20ஆம் தேதிக்குப் பிறகு சார்ஜர் ஒயர் வாங்க இரண்டு பேர், கண்ணாடி உடைந்து ஒருவர், அப்புறம் “அக்கா, டேட்டா முடிஞ்சிருச்சி, வெளிய நின்னு உங்க வைஃபை கொஞ்ச நேரம் எடுத்துக்கவா?” என்று கேட்கும் பள்ளிப்பிள்ளைகள்.

2001ல் எஸ்பிஎம் எனும் பள்ளியிறுதித் தேர்வை முடித்த கையோடு இந்தக் கடையில் சேர்ந்தேன். அப்போது தவுக்கே, அதாவது முதலாளி, அதிகம் விற்றது நோக்கியா 3310. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த என் அப்பாவின் ஒரு மாதச் சம்பளம் அதை வாங்கப் போதாது. தோட்டத்தில் எங்கள் டிவிஷன் முழுவதற்கும் ஆபீஸ் கிராணியிடம் (எழுத்தரிடம்) ஒரு போன், மண்டோர் ஒருவரிடம் ஒரு போன். மற்றவர்களுக்கு ஆபீஸ் வாசலில் இருந்த பொதுத்தொலைபேசிதான் கதி. கோலாலம்பூரில் வேலை செய்யும் பிள்ளை இத்தனை மணிக்குக் கூப்பிடுவான் என்று சொல்லிவைத்திருந்தால், அம்மா அரைமணி நேரம் முன்னாலேயே போய் அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். இன்று அதே லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு வீட்டுக்கு மூன்று நான்கு போன் இருக்கிறது. அவற்றில் பாதியையாவது நான்தான் விற்றிருப்பேன். பேரப்பிள்ளையின் முகத்தை முதல்முறை வீடியோ காலில் பார்த்த ஒரு பாட்டி என் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதனால் இந்த வளர்ச்சியை யாராவது சாதாரணமாகப் பேசினால் எனக்குப் பிடிக்காது. 2005ல் உலகத்தில் சுமார் 100 கோடிப் பேர், அதாவது 16 விழுக்காட்டினர், இணையத்தில் இருந்தார்கள். 2024ல் வந்த கணக்குப்படி அது 550 கோடி, 68 விழுக்காடு. நான் ஒரே மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த காலத்துக்குள் நடந்த மாற்றம் இது.

ஆனால் இணையப் பயனர் என்று யாரை எண்ணுகிறார்கள் என்று ஒரு நாள் தேடிப் படித்தேன், அதிலிருந்து அந்த எண்களை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வரையறைப்படி, கடந்த 3 மாதத்துக்குள் எங்கிருந்தாவது இணையத்தைப் பயன்படுத்தியிருந்தால் அவர் பயனர். எல்லா நாட்டையும் ஒரே அளவுகோலில் அளக்க இப்படி ஒன்று தேவைதான், ஒத்துக்கொள்கிறேன். என் கடைக் கணக்கோ வேறு கதை சொல்கிறது. 7ஆம் தேதி டேட்டா போட்டு 14ஆம் தேதி முடிந்து, மீதி நாளெல்லாம் அழைப்புக்கு மட்டும் போனை வைத்திருப்பவரும் ஒரு பயனர். தாமான் எனும் வீடமைப்புப் பகுதியில் ஃபைபர் போட்டு டிவியில் நாள் முழுக்கப் படம் ஓடும் வீட்டுக்காரரும் ஒரு பயனர். இருவரும் என் வாடிக்கையாளர்கள், அந்தப் பட்டியலில் இருவருக்கும் ஒரே மதிப்பு.

மாதத்துக்கு 35 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் தாராளமாக டேட்டா கிடைக்கும் திட்டம் இருக்கிறது. வாரத்துக்கு 12 வெள்ளித் திட்டமும் இருக்கிறது. நாலு வாரம் போட்டால் 48 வெள்ளி. எது லாபம் என்று தோட்டத்து மக்களுக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள், என்னைவிட வேகமாகக் கணக்குப் போடுவார்கள். ஒரே நேரத்தில் 35 வெள்ளியை எடுத்துவைக்க முடியாத கைக்கு வாரத்திட்டம்தான் எட்டும், அதனால் குறைவாகச் சம்பாதிப்பவர் அதிக விலைக்கு வாங்குகிறார். மலிவு விலை இணையம் என்றால் ஒரு நாட்டின் தனிநபர் சராசரி வருமானத்தில் 2 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று ஐ.நா.வின் அகண்ட அலைவரிசை ஆணையம் 2025க்கென்று இலக்கு வைத்திருந்தது. மலேசியாவின் சராசரியை வைத்துப் பார்த்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் 2 விழுக்காடு 34 வெள்ளி. ஒருவர் சம்பாதித்து நாலு பேர் போன் வைத்திருக்கும் வீட்டில் எல்லாரும் வாரத்திட்டம் போட்டால் மாதம் 192 வெள்ளி, சம்பளத்தில் 11 விழுக்காட்டைத் தாண்டிவிடும். யாரும் அப்படிப் போடுவதில்லை. அப்பா போனில் மட்டும் போட்டு, மற்றவர்கள் அதிலிருந்து ஹாட்ஸ்பாட் எடுப்பார்கள். அப்பா மதியம் மூன்று மணிவரை தோட்டத்துக்குள் வேலையில். அவர் வீடு திரும்பும்போதுதான் வீட்டுக்கு இணையமும் வரும்.

லைன் விஷயத்தையும் சொல்ல வேண்டும். டவுனில் நாலு கோடு காட்டும் போன், எட்டு கிலோமீட்டர் தள்ளி தோட்டத்துக்குள் போனதும் ஊமையாகிவிடும். இதற்கு மரமும் ஒரு காரணம். ஓங்கி வளர்ந்த செம்பனை மட்டைகள் அலையைத் தடுக்கும், மழையில் நனைந்திருந்தால் இன்னும் மோசம். எங்கள் டிவிஷனில் பழைய மரங்களை வெட்டி மறுநடவு செய்த வருடம், லயத்து வாசலிலேயே லைன் வந்தது. எல்லாரும் கம்பெனிக்காரன் கோபுரத்தைச் சரிசெய்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டார்கள். கன்று வளர வளர லைன் பழையபடி தேய்ந்துகொண்டே போனது. பால்மரத் தோட்டத்தில் இருப்பவர்கள் இலை கொட்டும் மாதங்களில் போன் நன்றாக எடுக்கும் என்று சொல்வார்கள். இன்னொரு கோபுரம் நட்டால் தீரும். ஆனால் தோட்டம் தனியார் நிலம், நிர்வாகம் சம்மதிக்க வேண்டும், அதோடு நூறு குடும்பத்துக்காக ஒரு கோபுரம் கட்டினால் போட்ட காசு திரும்பாது என்று நிறுவனங்கள் தயங்கும். இந்தத் தயக்கத்துக்காகவே நம் நாட்டில் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் நிகர வருவாயில் 6 விழுக்காட்டை வாங்கி, ஆதாயம் இல்லாத இடங்களுக்குச் செலவிடும் நிதி ஒன்று இருக்கிறது. கம்பம் எனும் கிராமங்களிலும் நாட்டின் உட்பகுதிகளிலும் அதனால் கோபுரங்கள் வந்திருக்கின்றன. தோட்டத்தை யார் பொறுப்பில் சேர்ப்பது என்ற கேள்வியோ என் அப்பா காலத்துத் தண்ணீர், கரண்ட் பிரச்சினையிலிருந்தே தொடர்கிறது.

லைன் இப்படி இருப்பதால் பலர் இரண்டு சிம் வைத்திருக்கிறார்கள். ஒன்று ஆபீஸ் பக்கம் எடுக்கும், இன்னொன்று லயத்தில் எடுக்கும். மலேசியாவில் மக்கள்தொகையைவிடக் கைப்பேசி இணைப்புகள் அதிகம் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டாவது சிம்தான் நினைவுக்கு வரும்.

உலகக் கணக்கில் கைப்பேசி இணைய அலையே எட்டாத மக்கள் சுமார் 4 விழுக்காடுதான் என்று கைப்பேசி நிறுவனங்களின் உலகச் சங்கமான ஜிஎஸ்எம்ஏ சொல்கிறது. அலை எட்டும் இடத்தில் இருந்தும் கைப்பேசி இணையத்தைப் பயன்படுத்தாதவர்கள் பத்தில் கிட்டத்தட்ட நாலு பேர். இதை எனக்குப் புரியவைத்தது ஒரு பங்களாதேஷ் தம்பி. மண்டோரிடமிருந்து கற்றுக்கொண்ட தமிழில் பேசுவார். ஒரு 7ஆம் தேதி வந்து, ஊருக்குப் போகிற நண்பனிடம் கொடுத்தனுப்பப் பழைய போன் ஒன்று வேண்டும் என்றார். “அக்கா, ஊர்ல லைன் இருக்கு. அம்மா படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் போன்லதான் பேசுது. அவன் இல்லன்னா பேச முடியாது.” திரையில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அவர் முகப்படத்தை மட்டும் பெரிதாக வைத்து, அதைத் தொட்டால் நேராக அவருக்கே அழைப்பு போகும்படி செய்து கொடுத்தேன். அதற்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. 2024ல் வந்த கணக்குப்படி பணக்கார நாடுகளில் 93 விழுக்காட்டினர் இணையத்தில் இருக்க, மிக ஏழை நாடுகளில் 27 விழுக்காட்டினர்தான் இருந்தார்கள். நகரத்தில் 83, கிராமத்தில் 48. அலை போய்ச் சேர்ந்த பிறகும் எஞ்சி நிற்கும் இந்த வித்தியாசத்துக்குள் அந்த அம்மாவைப் போல எத்தனை பேர், பக்கத்து வீட்டுப் பையனுக்காகக் காத்துக்கொண்டு.

பிகேபி எனும் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம். 2020 மார்ச் 18ல் நாடு அடைபட்டது, கொஞ்ச நாளில் பாடமெல்லாம் போனுக்கு வந்தது. மாணவர்களில் 36.9 விழுக்காட்டினரிடம் எந்தக் கருவியும் இல்லை என்று கல்வியமைச்சின் ஆய்வு சொன்னது. கடை திறக்க அனுமதி வந்ததும் அம்மாக்கள் வரிசையில் நின்றார்கள், கையில் இருநூறு, முந்நூறு வெள்ளி, சிலர் கழுத்தில் கிடந்ததை அடகு வைத்துவிட்டு வந்திருந்தார்கள். இருப்பதிலேயே மலிவான போன்களை எடுத்துக் கொடுத்தேன். 16 ஜிபி. இரண்டு வாரத்தில் ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோக்களால் அவை நிரம்பி, எதுவும் திறக்காமல், ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒரு அம்மா கோபப்படவே இல்லை. “பிள்ள ஏதோ தப்பா அமுத்திட்டா போல, கொஞ்சம் பாருங்க தங்காச்சி” என்றார். பிள்ளை எதையும் தப்பாக அமுக்கவில்லை. எந்தப் போன் எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்திருக்க வேண்டியவள் நான், விலையை மட்டும் பார்த்தேன். அந்த வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு அந்த ஒரு போன்தான் இருந்தது. இன்றைக்கு யார் வந்து மலிவான போன் கேட்டாலும் யாருக்கு, எதற்கு என்று கேட்காமல் நான் பெட்டியைத் திறப்பதில்லை, தவுக்கேவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அதற்கு அடுத்த வருடக் கடைசியில் 3ஜி மூடப்பட்டது. 4ஜிக்கு இடம் கிடைக்கும், வேகம் கூடும், காரணம் சரியானதுதான். ஆனால் பழைய போன்காரர்கள் 2ஜிக்கு இறங்கிவிட்டார்கள், பேசலாம், எஸ்எம்எஸ் அனுப்பலாம், அவ்வளவுதான். போன் கெட்டுப்போய்விட்டது என்று பெரியவர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கெடவில்லை, இனிமேல் இது இப்படித்தான் என்று விளக்கிச் சொல்வது கஷ்டமான வேலை.

பெண்கள் விஷயம் எனக்கு நெருக்கமானது, நானும் பெண் என்பதால் என்னிடம் சொல்வார்கள். 2024ல் வந்த கணக்குப்படி உலக அளவில் ஆண்களில் 70, பெண்களில் 65 விழுக்காட்டினர் இணையத்தில் இருந்தார்கள், 5 என்பது சின்ன இடைவெளியாகத்தான் தெரிகிறது. என் மேசையில் அது வேறு உருவத்தில் வரும். சிம் கணவர் பேரில், ரீலோட் போடுவது கணவர், ஆறு எண் ரகசியக் குறியீடு வருவது கணவர் போனுக்கு. உதவித்தொகை விண்ணப்பம் போன்ற பலவற்றுக்கும் அந்த ஆறு எண்கள் வேண்டும், அவர் வேலை முடிந்து வரும்வரை இவரால் எதையும் முடிக்க முடியாது. ஒரு அக்கா கோவில் சீட்டுக்காசில் தனக்கென்று ஒரு சிம் வாங்கி, தன் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, நீட்டியபோது கை நடுங்கியது.

ஐசி என்றதும் இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2006லிருந்து ப்ரீபெய்ட் சிம்மைப் பதியாமல் விற்கக் கூடாது. உள்ளூர்க்காரர் என்றால் அடையாள அட்டை, வெளிநாட்டவர் என்றால் பாஸ்போர்ட். பாஸ்போர்ட் வேறொருவர் பெட்டியில் இருக்கும் தொழிலாளிக்கு நான் விற்க முடியாது. இங்கேயே பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறப்புப் பத்திரச் சிக்கலால் ஐசி இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கும் முடியாது. அப்படி ஒரு தம்பி எங்கள் தோட்டத்திலேயே இருந்தான். அவன் பதினைந்து வயதிலிருந்து எனக்குத் தெரியும். போன் அவனுடையது, எண் அவன் மாமா பேரில். மாமாவோடு சண்டை வந்தபோது ஒரு தடவை அந்த எண்ணே போய்விட்டது, அதோடு அவன் வேலைக்குக் கொடுத்துவைத்திருந்த தொடர்பும் போய்விட்டது. ஒவ்வொரு முறை கடைக்கு வரும்போதும் “இன்னும் வரலக்கா” என்பான், நான் கேட்காமலே.

போன மாதம் 26ஆம் தேதி, கடையில் யாருமில்லாத மத்தியானம், அந்தத் தம்பி வந்து மேசைமேல் நீல ஐசியை வைத்தான். 24 வயது. நான் அதைக் கருவியில் செருகினேன், திரையில் அவன் பேர், அப்பா பேர், முழு முகவரி எல்லாம் வரிசையாக வந்தன. எட்டிப் பார்த்தான். “என் பேர்லதானேக்கா வரும்?” “உன் பேர்லதான்டா தம்பி.” எண்ணைத் தேர்ந்தெடுக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டான், கடைசியில் பிறந்த வருடம் வரும் ஒன்றை எடுத்தான். எந்தத் திட்டம் போட என்று கேட்டேன். பாக்கெட்டில் இருந்ததை எண்ணிப் பார்த்துவிட்டு, “இப்போதைக்கு ஒரு வாரத்துக்குப் போடுங்கக்கா, 7ஆம் தேதி வரேன்” என்றான்.